மஞ்சள்கருவை யாருக்காக ஒதுக்குகிறோம்? – முட்டை பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இப்பகுதியில் பருப்பு, பயறு வகைகளைப் பற்றி எழுதும்போது, “அசைவம் உண்பவர்களுக்கு முட்டை எளிதில் கிடைக்கும் நல்ல புரதம்” என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இம்மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. ஒரே ஐயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். உடல்நலம் பற்றிய செய்திகள் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சற்றுக் கூடுதல் என்று வந்தது. அன்று முதல் அவருக்கு வெள்ளைக்கருவை மட்டும் கொடுக்கிறேன். மஞ்சள்கருவைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க அஞ்சி எறிந்துவிடுகிறேன். நான் செய்வது சரியா? (ஆத்தூர் வாசகி)

பதில்: உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் எறிவது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஓடு நீங்கலாக 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் உள்ளன. அதைச் சாப்பிட்டால் 70 முதல் 75 கலோரி வரை கிடைக்கும். அந்தப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மஞ்சள்கருவில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, பி12-இன் பெரும்பகுதி, இரும்பு, மூளை வளர்ச்சிக்குத் தேவையான கோலின், கண்ணின் விழித்திரையில் சேரும் லூட்டின், ஸியாசாந்தின் ஆகிய அனைத்தும் அந்த மஞ்சள் உருண்டைக்குள்தான் இருக்கின்றன. கொலஸ்ட்ராலும் அங்கேதான் இருக்கிறது, ஒரு முட்டைக்கு 185 மில்லிகிராம் அளவில். அந்த ஒன்றுக்கு அஞ்சி மற்ற எல்லாவற்றையும் சேர்த்து எறிந்துவிடுகிறோம்.

இந்த அச்சத்துக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற மருத்துவ ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை உணவாகக் கொடுத்து, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். அது மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் முயல் இலை தழைகளைத் தின்று வாழும் பிராணி. உணவில் கொலஸ்ட்ராலையே அறியாத அதன் உடல், திடீரென்று வந்து சேர்ந்ததைக் கையாளத் தெரியாமல் தவித்தது. 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உணவில் சேரக் கூடாது என்றும், வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் உண்ண வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. அந்த அறிவுரைதான் கடல் கடந்து வந்து, நம் ஊர் மருத்துவமனைகளின் உணவுப் பட்டியல்களில் ஏறி, உங்கள் சமையலறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மனித உடலின் கணக்கு வேறு. நம் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது. உணவில் கொஞ்சம் கூடுதலாக வந்தால், பெரும்பாலானோருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் அந்தக் குறைப்பு போதிய அளவில் நடப்பதில்லை. அவர்களுக்கு முட்டை உண்ணும்போது இரத்தக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கல்லீரலைக் கூடுதலாகத் தொந்தரவு செய்வது நிறைவுற்ற கொழுப்பு. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், வனஸ்பதி, பாமாயில், அடுமனைப் பண்டங்கள் ஆகியவற்றில் இருப்பது அது. ஒரு முழு முட்டையில் அது ஏறத்தாழ ஒன்றரை கிராம். ஒரு தேக்கரண்டி நெய்யில் 3 கிராம். அமெரிக்க அரசின் 2015-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி அந்த 300 மில்லிகிராம் வரம்பைக் கைவிட்டது இதனால்தான். ஆயினும், கொலஸ்ட்ராலை எவ்வளவு குறைவாக உண்ண முடியுமோ அவ்வளவு நல்லது என்ற வாசகமும் அதே வழிகாட்டியில் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதும் உண்மை. 2019-இல் ஏறத்தாழ 29,600 அமெரிக்கர்களின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, நாளொன்றுக்கு அரை முட்டை கூடும்போது இதயநோய் வாய்ப்பு 6 சதவீதம் கூடுவதாகக் கண்டது. அடுத்த ஆண்டே, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முப்பது ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை உண்பதற்கும் இதயநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. சீனாவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் முட்டை உண்டவர்களிடம் மூளை இரத்தக்கசிவு குறைவாகவே காணப்பட்டது. இந்த முரண்பாட்டுக்கு ஒரு காரணம் இதுவாக இருக்கக்கூடும். அமெரிக்கர் முட்டையை உண்பது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு வறுவலும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் சேர்ந்த தட்டில். சீனர் உண்பது காய்கறியும் சோறும் நிறைந்த தட்டில். உடனிருந்த உணவின் பங்கைக் கணக்கில் முழுமையாகக் கழித்துவிட முடிவதில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-இல் வெளியான ஒரு சோதனை முட்டையின் விளைவையும் நிறைவுற்ற கொழுப்பின் விளைவையும் பிரித்துப் பார்த்தது. நாளுக்கு இரண்டு முட்டை கொடுத்து, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தபோது, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். சற்றுக் குறைந்தது. சோதனையில் பங்கேற்றவர்கள் 61 பேரே. அதற்கு நிதி அளித்தது முட்டைத் தொழில் சார்ந்த அமைப்பு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் அந்த முடிவை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எனினும் கல்லீரல் இயங்கும் விதத்தோடு அது பொருந்தி வருகிறது.

என் ஆலோசனை அறைக்கு ஒரு தம்பதியர் வந்திருந்தார்கள். உங்கள் வீட்டைப் போலவே அந்த வீட்டிலும் மூன்று ஆண்டுகளாக மஞ்சள்கரு இல்லை. ஒரு வாரம் உண்டதையெல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் அந்த அம்மா ஒன்று விடாமல் எழுதியிருந்தார். திங்கள் காலை மூன்று வெள்ளைக்கரு. மாலை அலுவலகத்தில் இரண்டு வடை. செவ்வாய் இரவு சால்னாவுடன் நான்கு பரோட்டா. புதன் மாலை தேங்காய் பன். வெள்ளி இரவு மறுபடியும் பரோட்டா. எழுதியதை அவரே என் முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். வெள்ளிக்கிழமைக்கு வந்ததும் நிறுத்திக் கணவரைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, சர்க்கரை நோயோ இதயநோயோ இல்லையென்றால் உங்கள் கணவர் நாளுக்கு ஒரு முழு முட்டை உண்ணலாம். அதோடு எண்ணெய்ப் பலகாரத்தையும் பரோட்டாவையும் குறைத்து, மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இறங்காவிட்டால், அவர் நான் மேலே சொன்ன அந்தச் சிலரில் ஒருவராக இருக்கக்கூடும். வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு மஞ்சள்கருவாகக் குறைத்து மறுபடியும் பாருங்கள். எல்.டி.எல். அளவு 190-ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரைக் கோளாறாக இருக்க வாய்ப்புண்டு. உணவோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் இரு வாரங்களுக்கு ஒன்று என்று நுழைந்த முட்டை, 2010 முதல் பள்ளி நாள்தோறும் ஒன்று என்றானது. அந்தத் தட்டில் விழுவது முழு முட்டை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதை முழுதாகவே உண்ணட்டும்.

கேள்வி: எனக்கு 58 வயது. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் “முட்டையில் மாவுச்சத்தே இல்லை, எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடு” என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: நண்பர்கள் சொல்வதன் முற்பகுதி சரி. முட்டையில் மாவுச்சத்து மிகமிகக் குறைவு. காலையில் நான்கு இட்லி உண்பதற்குப் பதிலாக இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் உண்டால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை நிச்சயம் குறையும், பசியும் தாமதமாகவே எடுக்கும். ஆஸ்திரேலியாவில் 2015-இல் வெளியான ஒரு சோதனையில், சர்க்கரை நோயாளிகளும் அதன் விளிம்பில் இருந்தவர்களும் வாரத்துக்கு 12 முட்டை வீதம் மூன்று மாதம் உண்டபோதும் அவர்களின் கொலஸ்ட்ரால் கெட்டுப்போகவில்லை. ஆனால் மூன்று மாதம் என்பது இதயத்தின் கணக்கில் சிறிய காலம். ஆண்டுக்கணக்கில் பலரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் சிலவற்றில், சர்க்கரை நோயாளிகள் அதிக முட்டை உண்டபோது இதயநோய் கூடியிருக்கிறது.

ஸ்டென்ட் வைத்த உங்களுக்கு “எத்தனை வேண்டுமானாலும்” என்ற சொல்லே பொருந்தாது. வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு முழு முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் புரதம் வேண்டுமானால் வெள்ளைக்கரு, மீன், சுண்டல் என்று போகலாம். அவித்ததோ, கொஞ்சம் கடலை எண்ணெயில் செய்த பொடிமாஸோ போதும். இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்கிறோமே என்ற துணிவில் அளவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த மாத்திரையை முட்டையைக் குறைத்துவிட்டோம் என்பதற்காக நிறுத்தவும் கூடாது.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவன். உடற்பயிற்சிக் கூடத்தில் பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிக்கச் சொல்கிறார்கள். இரவில் கலக்கியும் ஆஃப் பாயிலும்தான் உணவு. இதில் ஏதேனும் கெடுதல் உண்டா? (ஈரோடு வாசகர்)

பதில்: பச்சை முட்டையில் உங்களுக்கு இலாபமே இல்லை, தம்பி. பெல்ஜியத்தில் 1998-இல் அளந்து பார்த்தார்கள். சமைத்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் உடலில் சேர்ந்தது. பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். நான்கு முட்டையைப் பச்சையாகக் குடிப்பவர், அவித்த இரண்டரை முட்டையில் கிடைப்பதைக்கூடப் பெறுவதில்லை. மேலும் பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம், பயோட்டின் என்னும் வைட்டமினைப் பற்றிக்கொண்டு உடலில் சேர விடாமல் வெளியேற்றிவிடும். சூடு பட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது.

கலக்கியைப் பற்றி எழுதும்போது என் மனம் கொஞ்சம் இளகுகிறது. நானும் கொங்குநாட்டில் வளர்ந்தவள். உப்பும் மிளகுத்தூளும் ஒரு கரண்டி சால்னாவும் சேர்த்து அடித்த முட்டையைக் கல்லில் ஊற்றி, ஓரம் வெந்து நடுப்பகுதி தளதளவென்று இருக்கும்போதே தோசைத் திருப்பியால் நான்கு புறமும் மடித்து, ஒரு புரட்டுப் புரட்டி இலையில் போடுவார்கள். விரலால் தொட்டால் உள்ளிருந்து வழியும். அந்த வழிதலுக்காகவே அதை விரும்பி உண்கிறோம். வழிகின்ற அந்தப் பகுதி கிருமி சாகும் சூட்டை எட்டியிருக்காது என்பதும் உண்மை. சால்மோனெல்லா என்னும் கிருமி ஓட்டின் மேல் எச்சத்தோடு ஒட்டியிருக்கலாம்; அதன் ஒரு வகை, கோழியின் உடலுக்குள் முட்டை உருவாகும் உறுப்பிலிருந்தே முட்டைக்குள் புகுந்து, கீறலற்ற சுத்தமான முட்டையிலும் இருந்துவிடுகிறது. உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் அது அழியும். வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே இறுகிவிட்டால் அந்தச் சூடு எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் இந்த ஆபத்து பல மடங்காகிறது. ஒரு கெட்ட முட்டை ஒரு பாத்திரம் முழுவதையும் கெடுக்கிறது. அந்தப் பாத்திரம் கடையின் வெப்பத்தில் மணிக்கணக்கில் நிற்கிறது. கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபரிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கும் அதைத் தடைசெய்தது இதனால்தான். உங்களைப் போன்ற இளைஞருக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் போய்விடும். கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய்க்கோ சிறுநீரக மாற்றுக்கோ மருந்து உண்பவர்கள் ஆகியோருக்கு உயிராபத்தாகவும் முடியலாம். ஆகையால் விடுதியில் அவித்த முட்டையை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆசைக்கு என்றாவது கலக்கி உண்பதென்றால், முட்டை வேகமாக விற்றுத் தீரும் கடையில், கண் முன்னால் உடைத்துச் செய்ததை உடனே உண்ணுங்கள். ஊருக்குப் போகும்போது கருவுற்றிருக்கும் அக்காவுக்குப் பொட்டலத்தில் வாங்கிப் போகாதீர்கள்.

கேள்வி: என் எட்டு மாதக் குழந்தைக்கு முதல் முறையாக முட்டை கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது. மாமியார் “ஒரு வயது வரை முட்டையே கூடாது என்று சொன்னேனே” என்கிறார். (விழுப்புரம் வாசகி)

பதில்: உங்கள் அத்தை சொன்னது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான், அவர் மேல் குறை காண வேண்டாம். இப்போதைய அறிவுரை மாறியிருக்கிறது. ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போதே நன்றாக வெந்த முட்டையைச் சிறிதளவில் கொடுக்கலாம் என்றும், தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை என்றும் தெரியவந்திருக்கிறது.

ஆனால் உங்கள் குழந்தைக்கு நேர்ந்தது முட்டை ஒவ்வாமையின் அடையாளமாக இருக்கக்கூடும். குழந்தை மருத்துவரைப் பார்க்கும் வரை மறுபடியும் முட்டை கொடுத்துச் சோதிக்காதீர்கள். அடுத்த முறை தடிப்போடு நில்லாமல் மூச்சு இரைப்பு, தொடர் வாந்தி, குழந்தை துவண்டுபோதல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்களில் முதன்மையானவை வெள்ளைக்கருவில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று சூட்டுக்கும் எளிதில் அசையாதது. கேக், பிஸ்கட் போன்றவற்றில் முட்டை மறைந்திருக்கும் என்பதால் உறையில் உள்ள எழுத்துகளைப் படித்து வாங்குங்கள். பள்ளி செல்லும் வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே நீங்கிவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டை ஒவ்வாமை என்று கேட்டதும் சிலர் தட்டம்மைத் தடுப்பூசியை நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு, முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கும் அந்த ஊசி பாதுகாப்பானது.

கேள்வி: நாட்டுக்கோழி முட்டை ஒன்றின் விலைக்குப் பண்ணை முட்டை இரண்டுக்கு மேல் வாங்கலாம். அந்த விலைக்கேற்ற சத்து அதில் உண்டா? பண்ணைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே? (தேனி வாசகர்)

பதில்: ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, உள்ளே இருக்கும் சத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பழுப்பு ஓட்டு முட்டையிடும் பண்ணைக் கோழிகளும் உண்டு என்பதால், பழுப்பாக இருப்பதெல்லாம் நாட்டுக்கோழி முட்டையும் அல்ல. மஞ்சள்கருவின் ஆழ்ந்த நிறம் தீவனத்திலிருந்து வருகிறது. மக்காச்சோளமும் சாமந்திப்பூச் சாரமும் சேர்த்தால் எந்தக் கோழியின் முட்டையும் செம்மஞ்சளாகும். கீரையும் பூச்சியும் கொத்தி வெயிலில் திரியும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி, ஒமேகா-3 ஆகியவை ஓரளவு கூடியிருக்கலாம். புரதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, முட்டை சிறியது என்பதால் ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் குறைவாகவே வரும். சுவை வேறு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஒரு செய்தி மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: குப்பை எரிக்கும் இடங்களில் மேயும் கோழிகளின் முட்டையில் டையாக்சின் என்னும் நச்சு சேர்வது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. வீட்டுக் கோழியானாலும் அது எங்கே மேய்கிறது என்று பாருங்கள்.

பண்ணை முட்டைக் கோழிகளுக்கு ஹார்மோன் ஊசி போடுவது என்பது வெறும் பேச்சு. ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கில் நிற்கும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எவராலும் கட்டுப்படியாகாது. ஆண்டுக்கு 300 முட்டை என்பது பல தலைமுறை இனத்தேர்வாலும் தீவனத்தாலும் ஒளி மேலாண்மையாலும் வந்தது. நான் கவலைப்படுவது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றித்தான். மனிதர்களுக்கு வேறு மருந்து கேட்காத நிலையில் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் கொடுத்துவந்தார்கள். உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அதைப் பயன்படுத்துவதை 2019-இல் இந்திய அரசு தடைசெய்தது. இத்தகைய தடைகள் காகிதத்தோடு நிற்காமல் பண்ணை வரைக்கும் போக வேண்டும் என்று நுகர்வோராகிய நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: கோடையில் முட்டை சூடு என்கிறார்கள். பாலோடு சேரலாமா? அவித்த முட்டையின் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருகிறதே, கெட்டுப்போனதா? முட்டையைக் கழுவி வைக்க வேண்டுமா? (கடலூர், கோவை, காரைக்குடி வாசகர்கள்)

பதில்: புரத உணவு செரிக்கும்போது உடல் சற்றுக் கூடுதலாக வெப்பம் வெளியிடுவது உண்மை, கோடையில் ஒரு முட்டையால் கெடுதல் வரும் அளவுக்கு அது இல்லை. தண்ணீரும் மோரும் போதிய அளவு குடியுங்கள். பாலும் முட்டையும் சேர்வதில் தீங்கில்லை. பச்சை வளையம், அதிக நேரம் கொதித்ததால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாவது, உண்ணலாம். கொதி வந்த பின் பத்து நிமிடத்தில் இறக்கிக் குளிர்ந்த நீரில் போட்டால் வளையம் வராது.

வாங்கி வந்ததும் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் நுண்துளைகளை மூடியிருக்கும் மெல்லிய படலம் கழுவினால் போய்விடும். ஈரத்தோடு கிருமி உள்ளே இழுபடும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, சமைப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள். குளிர்பதனப் பெட்டியில், கூர்முனை கீழே இருக்குமாறு வையுங்கள். விலை மலிவு என்று கீறல் விட்ட முட்டையை வாங்க வேண்டாம்.

கேள்வி: என் அண்ணன் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சிறுநீரக நோய்க்குப் புரதம் ஆகாது என்று முட்டையை முழுவதும் நிறுத்திவிட்டோம். (சென்னை வாசகர்)

பதில்: தயவுசெய்து இதை உடனே அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் தொடங்காத நிலையில் புரதத்தை அளந்து குறைப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கணக்கு தலைகீழாகிறது. ஒவ்வொரு முறையும் உடலிலிருந்து புரதக் கூறுகள் வெளியேறுவதால் கூடுதலாக உண்ண வேண்டியிருக்கிறது. அப்போது தொல்லை தருவது பாஸ்பரஸ். ஒரு மஞ்சள்கருவில் அது 65 மில்லிகிராம் அளவுக்கு இருக்க, ஒரு வெள்ளைக்கருவில் 5 மில்லிகிராம்தான். மஞ்சள்கருவை ஒதுக்கி வெள்ளைக்கருவை மட்டும் உண்ணச் சொல்வதற்கு மிகத் தெளிவான காரணம் உள்ள இடம் இதுதான். புரதத்தை நிறுத்தியதால் சதை கரைந்து, கைத்தாங்கலாக நடந்து வரும் நோயாளிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது தவிர்க்கக்கூடிய துன்பம்.

கேள்வி: எனக்கு 72 வயது. தனியாக இருக்கிறேன். பல் இல்லாததால் இறைச்சி உண்ண முடியவில்லை; இரு வேளையும் ரசம் சோறுதான். இந்த வயதில் முட்டை சாப்பிடலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: கட்டாயம் சாப்பிடுங்கள், அம்மா. இம்மாதக் கடிதங்களில் என்னை அதிகம் வருத்தியது உங்களுடையதுதான். வயது ஏற ஏறத் தசை தானாகவே குறைகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது நாள்தோறும் வேண்டும். 50 கிலோ எடை என்றால் 50 கிராம். ரசம் சோற்றில் அதில் பாதி சேர்வதே கடினம். இதயநோயோ சர்க்கரையோ இல்லையென்றால் நாளுக்கு ஒரு முழு முட்டை உங்களுக்கு நல்லது. அதோடு மதியம் ஒரு கிண்ணம் தயிரும், இரவு குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டையில் நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் இல்லை என்பதால் ஒரு கொய்யாவோ பப்பாளித் துண்டோ வேண்டும். மலச்சிக்கல் வராமல் இருக்கவும் அது உதவும்.

மெல்ல முடியாதவர்களுக்கு ஏற்ற ஒரு வழியைச் சொல்கிறேன். ஒரு முட்டையில் இரண்டு தேக்கரண்டி பாலும் சிட்டிகை உப்பும் மிளகும் சேர்த்து நன்றாக அடித்து, எண்ணெய் தடவிய இட்லித் தட்டின் இரண்டு குழிகளில் ஊற்றுங்கள். பத்து நிமிடம் ஆவியில் வெந்து உப்பி வரும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் கரண்டியால் வெட்டும் மென்மையில் இருக்கும். குத்திப் பார்க்கும்போது நடுவில் ஈரம் ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள். சூடான ரசம் சோற்றில் உதிர்த்துப் போட்டும் உண்ணலாம்.